வரைபடத்தில் இல்லாத 17 பயணங்கள்

1986 ஜனவரி 27, இரவு. யூட்டாவில் மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் அலுவலகம், அலபாமாவில் நாசாவின் மார்ஷல் மையம், புளோரிடாவில் கென்னடி ஏவுதளம் ஆகிய மூன்று இடங்களையும் தொலைபேசி இணைத்திருந்தது. மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலம் கிளம்ப வேண்டும். புளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிர். திட எரிபொருள் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ‘ஓ-ரிங்’ என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போகும், சூடான வாயு அதைத் தாண்டிக் கசியும் என்று தயோகால் பொறியாளர்கள் அஞ்சினார்கள். அவசரமாகத் தயாரித்த தாள்களைத் தொலைநகலில் அனுப்பி, நாளை வேண்டாம் என்றார்கள்.

நாசா தரப்பு ஒப்பவில்லை. 12 டிகிரி செல்சியஸில் பறந்த ஒரு பயணத்தில் வாயு கசிந்தது உண்மைதான். 24 டிகிரியில் பறந்ததிலும் கசிந்திருக்கிறதே, அப்படியானால் குளிருக்கும் கசிவுக்கும் என்ன தொடர்பு? பேச்சு, சேதம் கண்ட பயணங்களையே சுற்றிச் சுற்றி வந்தது. தயோகால் மேலாளர்கள் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு தனியே கூடினார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டிக்கொள்ளும்படி பொறியியல் பிரிவின் தலைவரிடம் அங்கே சொல்லப்பட்டது. முடிவு மாறியது. மறுநாள் கிளம்பிய விண்கலம் 73-வது விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

பின்னர் விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் ஓர் எளிய காரியம் செய்தது. சேதம் கண்ட பயணங்களோடு சேதம் காணாதவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டது. அதுவரை நடந்த 24 பயணங்களில், ஏறத்தாழ 19 டிகிரியிலும் அதற்கு மேலும் பறந்தவை 20. அவற்றில் மூன்றில்தான் வளையம் சேதப்பட்டிருந்தது. ஏறத்தாழ 17 டிகிரியிலும் அதற்குக் கீழும் பறந்தவை நான்கு. நான்கிலும் சேதம். சேதம் கண்ட ஏழு புள்ளிகளை மட்டும் பார்க்கிறவருக்குத் தொடர்பு ஏதும் புலப்படாது. விடுபட்ட 17 புள்ளிகளையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு அது கண்ணில் அறையும்.

மேலாண்மையில் முடிவெடுக்கும் முறைகளைப் பற்றிக் கட்டுரை எழுதுவோரும், அவற்றைப் படித்துக் கருத்துச் சொல்லும் சக ஆய்வாளர்களும் அந்த இரவை மறக்கக் கூடாது. அன்று மேசைமீது ஒரு வாதம் இருந்தது. அதற்குச் சான்றும் இருந்தது, அதைச் சோதிக்க விஷயம் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். சோதித்தவர்கள் தாளில் இருந்த சான்றைக் குடைந்தார்களே தவிர, தாளில் ஏறாத பயணங்கள் என்ன ஆயின என்ற கேள்வி பேச்சின் மையத்துக்கு வரவேயில்லை. சக மதிப்பாய்வு எனப்படும் வேலை முழுவதிலும் இந்தக் குறை ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதியிருப்பதைத் திருத்த எல்லோருக்கும் கை வருகிறது. எழுதாமல் விட்டதைக் கேட்கச் சிலருக்குத்தான் மனம் போகிறது.

அலுவலகங்களில் ‘ஃபிரேம்வொர்க்’ என்றே புழங்கும் முடிவெடுப்புச் சட்டகங்கள் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஹெர்பர்ட் சைமன் 1947-ல் வெளியிட்ட நிர்வாக நடத்தை பற்றிய நூல் இந்தத் துறைக்கு அடித்தளம். மனிதர் எல்லா வழிகளையும் அலசிச் சிறந்ததைப் பொறுக்குவதில்லை, போதுமான ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திக்கொள்கிறார் என்பது அவர் வளர்த்தெடுத்த கருத்து. 1978-ல் பொருளியல் நோபல் அவருக்குக் கிடைத்தது. சந்தையின் வளர்ச்சி, அதில் நிறுவனத்தின் பங்கு இரண்டையும் வைத்துத் தொழில்களைப் பிரிக்கும் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பின் நான்கு கட்டப் படம் 1970-ல் வந்தது. கோஹன், மார்ச், ஓல்சன் மூவரும் 1972-ல் ‘குப்பைத்தொட்டி’ மாதிரியை முன்வைத்தார்கள். நிறுவனங்களில் சிக்கல்களும் தீர்வுகளும் ஆட்களும் தனித்தனியே மிதந்துகொண்டிருக்க, வேளை கூடும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே முடிவாகிறது என்றது அது. எந்த முடிவுக்குக் கீழுள்ளவர்களைக் கலந்துகொள்ள வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கிளைபிரித்துக் காட்டிய விரூம்–யெட்டன் மாதிரி 1973-ல் வந்தது. டேவ் ஸ்னோடன் வளர்த்த ‘கனெவின்’ சட்டகம் 2007-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ வழியாக உலகெங்கும் மேலாளர்களின் கைக்குப் போனது.

இவை எல்லாம் ஒரே இனம் இல்லை. சைமனும் குப்பைத்தொட்டிக்காரர்களும் மனிதர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். நான்கு கட்டப் படம் எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்கிறது. கையெழுத்துப் படியைப் பெறுகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: இந்தக் கட்டுரை நடப்பதை விவரிக்கிறதா, நடக்க வேண்டியதை விதிக்கிறதா? முதல் பாதியில் ‘மேலாளர்கள் இப்படிச் செய்கிறார்கள்’ என்று நேர்காணல்களை அடுக்கி, இரண்டாம் பாதியில் ‘ஆகவே இப்படிச் செய்ய வேண்டும்’ என்று முடிக்கும் கட்டுரைகள் ஏராளம். அந்த ‘ஆகவே’க்கு அடியில் தரையே இருக்காது. நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுத்த நன்னூல், மாறுகொளக் கூறல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்திறுதல் என்று அவற்றுக்குப் பெயரும் வைத்திருக்கிறது. சட்டகக் கட்டுரைகளை நிறையப் படித்தவருக்கு மூன்றாவது பெயர் சட்டென்று பொருந்தும். கருத்தாக்கம் கம்பீரமாகத் தொடங்கும், நடைமுறைக்கு வரும்போது இரண்டு பத்தியில் தேய்ந்துபோகும்.

சக மதிப்பாய்வின் வரலாற்றிலும் தொடக்கத்திலேயே இந்த இழுபறி இருந்திருக்கிறது. லண்டன் ராயல் சொசைட்டி, தனக்கு வந்த கட்டுரைகளைப் பற்றி எழுத்தில் அறிக்கை பெறும் வழக்கத்தை 1830-களின் தொடக்கத்தில் முயன்று பார்த்தது. ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளரின் கட்டுரை வில்லியம் ஹியூவெல், ஜான் லப்பக் இருவரிடமும் போனது. பூமி, வெள்ளி ஆகியவற்றின் இயக்கத்தில் உள்ள ஒரு நீண்டகால வேறுபாடு பற்றியது அது. இக்கட்டுரை ஏன் முக்கியம் என்று உலகுக்கு எடுத்துச் சொல்வதே அறிக்கையின் வேலை என்றார் ஹியூவெல். லப்பக்கோ கணக்கில் கோணல் கண்டு அதைத் திருத்த வேண்டும் என்றார். இருவரும் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டார்கள். கடைசியில் 1832-ல் வந்த கூட்டறிக்கை ஹியூவெலின் வழியில்தான் இருந்தது. பாராட்டி அறிமுகப்படுத்துவதா, குடைந்து பார்ப்பதா என்ற கேள்வி அன்று தீரவில்லை, இன்றும் தீரவில்லை.

மேலாண்மைச் சட்டகங்களைப் பொறுத்தவரை லப்பக் பக்கம் நிற்பதே சரி. காரணம், இவற்றைப் படிப்பவர் படித்து முடித்ததும் ஒரு காரியத்தில் இறங்குகிறார். அகமதாபாத் ஐ.ஐ.எம். 1976 முதல் நடத்தும் ‘விகல்பா’ ஆய்விதழ், முடிவெடுப்போருக்கான இதழ் என்றே தன்னை அழைத்துக்கொள்கிறது. அத்தகைய இதழில் வரும் ஒரு படத்தை நம்பி யாரோ ஒருவர் ஆலையை மூடலாம், கடன் வாங்கலாம், ஆளைக் குறைக்கலாம். பழுதான சட்டகம் வெறுமனே பயனற்றுப்போவதோடு நிற்பதில்லை என்பதற்கு ஒரு சோதனையே சான்று.

ஜே. ஸ்காட் ஆம்ஸ்ட்ராங், ராடரிக் பிராடி இருவரும் ஆறு நாடுகளில் ஐந்தாண்டுகளில் 1,015 பேரை வைத்து நடத்திய பரிசோதனைகளின் முடிவை 1994-ல் வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் முன் இரண்டு முதலீட்டுத் திட்டங்கள் வைக்கப்பட்டன. எது லாபம் தரும் என்பது கணக்கிலேயே தெளிவாகத் தெரிந்தது. சிலருக்கு மட்டும் பாஸ்டன் குழுவின் நான்கு கட்டப் படமும் தரப்பட்டது. படத்தைப் பார்த்தவர்களில் 64 சதவீதம் பேர் லாபம் குறைந்த திட்டத்தைத் தேர்ந்தார்கள். படத்தைத் தங்கள் அலசலில் உண்மையாகவே பயன்படுத்தியவர்களில் அந்த அளவு 87 சதவீதம். சந்தை வளர்கிறதா, நம் பங்கு பெரிதா என்று கட்டம் கேட்ட இரண்டு கேள்விகள், எவ்வளவு பணம் திரும்ப வரும் என்ற மூன்றாவது கேள்வியை விழுங்கிவிட்டன. இந்த ஆய்வுக்கும் மறுப்பு வந்தது. பரிசோதனைக் கூடத்தில் தந்த ஒற்றைக் கேள்வி ஒரு நிறுவனத்தின் திட்டமிடலுக்கு நிகராகுமா என்பது நியாயமான கேள்வியே. ஆனாலும் ‘இந்தச் சட்டகம் இல்லாமலே முடிவெடுத்தவர்கள் எப்படிச் செய்தார்கள்?’ என்று கேட்கும் பழக்கத்தை இந்த ஆய்வு தந்தது. எந்த மதிப்புரையிலும் அந்தக் கேள்வி விடுபடக் கூடாது.

அடுத்த கேள்வி தோற்றவர்களைப் பற்றியது. பீட்டர்ஸும் வாட்டர்மேனும் 1982-ல் 43 சிறந்த நிறுவனங்களை எடுத்துக்காட்டி, அவற்றின் பொதுக் குணங்களைப் புத்தகமாக்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1984 நவம்பரில், அவற்றில் பல தடுமாறுவதை பிசினஸ்வீக் அட்டைக் கட்டுரையாக்கியது. ஜிம் காலின்ஸ் 2001-ல் 1,435 நிறுவனங்களிலிருந்து 11-ஐச் சலித்தெடுத்து, நல்லதிலிருந்து சிறந்ததற்கு ஏறும் வழியை எழுதினார். அந்த 11-ல் இருந்த வீட்டுக்கடன் நிறுவனமான ஃபேனி மே 2008 செப்டம்பரில் அரசின் பிடிக்குள் போனது. சர்க்யூட் சிட்டி அதே ஆண்டு நவம்பரில் திவால் மனு கொடுத்தது. காலின்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒப்பீட்டு நிறுவனம் வைத்திருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஃபில் ரோஸன்ஸ்வைக் 2007-ல் எழுதிய நூல் இன்னும் ஆழமான இடத்தைத் தொட்டது. ஒரு நிறுவனம் வென்றுவிட்டது என்று தெரிந்த பிறகு எழுதிய பத்திரிகைச் செய்திகளும் எடுத்த பேட்டிகளும் அந்த வெற்றியின் ஒளி பட்டே இருக்கும். அப்போது தலைவர் தொலைநோக்குடையவராகவும் முடிவுகள் துணிச்சலானவையாகவும் தெரியும். நிறுவனம் விழுந்ததும் அதே தலைவர் பிடிவாதக்காரர், அதே முடிவுகள் அசட்டுத் துணிச்சல்.

தோல்விக் கதைகள் கிடைப்பதில்லை என்று கட்டுரையாளர் சொன்னால் மதிப்பாய்வாளர் அதை எளிதில் ஏற்கலாகாது. நிறுவனங்கள் எடுத்த நூற்றுக்கணக்கான முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்த பால் நட், அவற்றில் பாதி தோற்றவை என்று 1999-ல் எழுதினார். தோல்வி ஊரெங்கும் கிடக்கிறது, போய் எடுத்துவரத்தான் ஆள் வேண்டும்.

சில சட்டகங்களில் பழுது கணக்கின் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இந்தியப் பொறியியல், மேலாண்மை ஆய்வேடுகளில் அடிக்கடி தலைகாட்டும் ஏ.ஹெச்.பி. (அனலிட்டிக் ஹையரார்க்கி பிராசஸ்) முறை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கியது. தேர்வுகளை இரண்டிரண்டாக எடுத்து, எது எத்தனை மடங்கு மேல் என்று 1 முதல் 9 வரை எண் கொடுக்க வேண்டும். அந்த எண்களிலிருந்து முறை எடைகளைக் கணக்கிட்டு ஒரு தரவரிசையைத் தரும். ஒரு ஆலைக்கு இயந்திரம் வாங்க மூன்று விற்பனையாளர்கள் இருப்பதாகக் கொள்வோம். முறைப்படி கணக்குப் போட்டதில் முதலாமவர் மேலே, இரண்டாமவர் அடுத்து. இப்போது முதலாமவரை அச்சாக ஒத்த நான்காவது ஒருவர் வருகிறார். புதிதாக எந்தத் தகவலும் இல்லை, முதலிருவரைப் பற்றிய கருத்தும் மாறவில்லை. ஆனாலும் முதலாமவரும் இரண்டாமவரும் இடம் மாறிவிடக்கூடும். வாலெரி பெல்டனும் டோனி கியரும் 1983-ல் இதைக் காட்டினார்கள். ஜேம்ஸ் டையர் 1990-ல் ‘மேனேஜ்மென்ட் சயின்ஸ்’ இதழில் இதை இன்னும் கடுமையாக எழுத, அதே இதழிலேயே சாட்டியின் பதிலும் வந்தது. ஒரு சட்டகத்தைப் பற்றிய கருத்துப் பரிமாற்றம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அந்த இதழ் இன்றும் நல்ல பாடம். குறை, பதில் இரண்டும் வாசகர் கண்முன் ஒன்றாகக் கிடந்தன.

இத்தனைக்குப் பிறகும் ஏ.ஹெச்.பி. கட்டுரைகளுக்கு வரும் கருத்துகளில் பெரும்பாலானவை, முரண்பாட்டு விகிதம் 0.10-க்குள் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடுகின்றன. அந்த எண் சரியாக இருந்தால், பதில் சொன்னவர் தனக்குத்தானே பெரிதாக முரண்படவில்லை என்று பொருள். அவ்வளவுதான். அவர் சொன்னது சரியா, அவர் யார், ஒரு தேர்வை எடுத்துவிட்டால் வரிசை நிற்கிறதா என்பவற்றுக்கு அதில் பதில் கிடையாது.

கணக்கில் தேர்ந்தவர்களும் காணாத ஒன்றை, களம் தெரிந்தவர் ஒரே கேள்வியில் காண்பதுண்டு. இஸ்ரேலியப் பரோல் வாரியங்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீர்ப்புகளை ஆராய்ந்த கட்டுரை 2011-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. அமர்வின் தொடக்கத்தில் சுமார் 65 சதவீதமாக இருந்த சாதகமான தீர்ப்புகள், அமர்வின் முடிவில் பூஜ்யத்தை ஒட்டிச் சரிந்து, சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் மீண்டும் ஏறின. முடிவெடுத்து எடுத்து மனம் களைக்கிறது என்ற விளக்கம் உலகம் சுற்றியது. மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் இன்றும் சொல்லப்படுகிறது. அதே ஆண்டு, அதே இதழுக்குக் கெரன் வைன்ஷால்-மார்கெலும் ஜான் ஷாபார்டும் கடிதம் எழுதினார்கள். வழக்குகள் எந்த வரிசையில் வருகின்றன என்று அங்கே புழங்குகிறவர்களிடம் கேட்டுவிட்டு எழுதிய கடிதம் அது. வரிசை தற்செயலானதன்று. ஒரு சிறையின் வழக்குகளை முடித்துவிட்டே வாரியம் இடைவேளைக்கு எழ முயல்கிறது. வக்கீல் இல்லாத கைதிகள் பெரும்பாலும் கடைசியில் வருகிறார்கள், அவர்களுக்குப் பரோல் கிடைப்பதும் அரிது. மூல ஆசிரியர்கள் பதிலளித்தார்கள், விவாதம் தொடர்ந்தது. அந்தக் கடிதம் கேட்டது புள்ளியியல் கேள்வி கூட இல்லை. அடுத்து யாரை உள்ளே அழைப்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே.

மதிப்பாய்வாளரிடம் அளவுக்கு மீறி எதிர்பார்ப்பதும் தவறு. பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே எட்டுக் குறைகளைப் புகுத்தி மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பிப் பார்த்தது. முடிவு 1998-ல் வெளிவந்தது. பதில் அனுப்பிய 221 பேர் சராசரியாகக் கண்டது இரண்டு குறைகளைத்தான். விண்ணப்பப் படிவத்தின் அடியில் இடும் நேர்மை உறுதிமொழிக் கையொப்பத்தை மேலே மாற்றினால் மக்கள் உண்மை சொல்வார்கள் என்று 2012-ல் வந்த புகழ்பெற்ற கட்டுரையும் மதிப்பாய்வைத் தாண்டி வந்ததுதான். கார்க் காப்பீட்டுக்காரர்கள் தெரிவித்த ஓட்டத் தூரம் அதன் முக்கியச் சான்று. மூலத் தரவு பொதுவெளிக்கு வந்த பிறகு 2021-ல் ஆய்வாளர்கள் சிலர் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். உண்மையான வண்டிகளின் ஓட்டத்தில் நடுத்தரத் தூரம் ஓடியவை குவிந்திருக்கும், மிக அதிகம் ஓடியவை அருகிக்கொண்டே போகும். இந்தத் தரவிலோ 0 முதல் 50,000 மைல் வரை எல்லா அளவிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை, 50,000-ஐத் தாண்டி ஒன்றுமில்லை. அந்த ஆண்டே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2012-ல் படித்தவர்களின் மேசைக்கு அந்தத் தரவு வரவில்லை. கேட்டிருக்கலாம். ‘மூலத் தரவைக் காட்ட முடியுமா?’ என்ற வரியை அவநம்பிக்கையாகக் கருதும் நாகரிகம் இத்துறைக்கு நிறையச் சேதம் செய்திருக்கிறது.

இனி, கருத்தை எப்படி எழுதுவது? கோயம்புத்தூர் பம்ப்செட் ஆலை முதலாளிகள் 12 பேரைப் பேட்டி கண்டு, வேகமாக முடிவெடுக்க ஐந்து படிகள் என்று ஒரு சட்டகத்தை முன்வைக்கும் கட்டுரை வந்திருப்பதாகக் கற்பனை செய்வோம். பன்னிருவரும் முடிவுகள் வேகமாயின என்று சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக வரும் மதிப்புரை இப்படி இருக்கும்: தலைப்பு காலத்துக்கேற்றது, நடை சீராக உள்ளது, நான்காம் பக்கத்தில் எழுத்துப்பிழை, சைமனை மேற்கோள் காட்டவும், மாதிரி அளவைக் கூட்டினால் நன்று. இதைப் பெற்றவர் சைமனைச் சேர்ப்பார், பிழையைத் திருத்துவார், இன்னும் எட்டு முதலாளிகளிடம் பேசுவார். கட்டுரை நீளும், ஒரு அங்குலமும் உறுதியாகாது.

அதே கட்டுரைக்கு இன்னொருவர் எழுதுகிறார். ‘மூன்றாம் படியில், மூலப்பொருள் விலை ஏறும்போது யார் கையெழுத்திடுவது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதாக வருவது இக்கட்டுரையின் உயிர். ஏழாவது ஆலையின் செம்புக் கொள்முதலை விவரித்த பத்தி அதை நம்ப வைக்கிறது. அப்படி இன்னும் இரண்டு வேண்டும். வேகம் கூடியது என்பதற்கு முதலாளிகளின் நினைவு மட்டுமே சான்றாக இருக்கிறது. கொள்முதல் ஆணைகளில் தேதி இருக்குமே, அதைப் பார்க்க முடியுமா? ஐந்து படிகளை முயன்று கைவிட்ட ஆலை ஏதாவது உண்டா? வேகமாக எடுத்த முடிவு ஒன்று நஷ்டத்தில் முடிந்திருந்தால் அதையும் எழுதவும். பேட்டியில் முதலாளிகள் மட்டுமே பேசுகிறார்கள். ஸ்டோர் பொறுப்பாளர் ஒருவரிடமாவது கேட்டீர்களா?’

இந்த இரண்டாவது கடிதத்தில் பாராட்டும் இருக்கிறது, ஆனால் பத்தியைச் சுட்டிக்காட்டும் பாராட்டு. ஆகவே அதைப் பெறுகிறவருக்கு எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியும். ஒவ்வொரு குறையும் செய்யக்கூடிய ஒரு வேலையாக மாறியிருக்கிறது. எழுதியவரின் திறமையைப் பற்றி ஒரு சொல் கிடையாது, எழுத்தைப் பற்றி மட்டுமே பேச்சு. பிழைதிருத்தம் ஒன்றுகூட இல்லை, அதற்கு அடுத்த சுற்று இருக்கிறது. அடித்தளம் நிற்குமா என்று தெரியாத வீட்டுக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை.

எழுதியவர் யார் என்று தெரிவதும் கண்ணை மறைக்கிறது. நிதியியல் கட்டுரை ஒன்றை 3,300-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்களுக்கு மதிப்பாய்வு அழைப்பாக அனுப்பி நடத்திய சோதனை 2022-ல் வெளிவந்தது. கட்டுரையை எழுதியவர்கள் இருவர்: நோபல் பெற்ற வெர்னன் ஸ்மித், அதிகம் அறியப்படாத ஒரு இளம் ஆய்வாளர். இளையவரின் பெயர் மட்டும் காட்டப்பட்டபோது ஏறத்தாழ 65 சதவீதம் பேர் நிராகரிக்கச் சொன்னார்கள். பெயரே இல்லாதபோது 48. ஸ்மித்தின் பெயர் காட்டப்பட்டபோது 23. எழுத்து ஒன்றுதான். அலுவலகத்துக்குள்ளும் இதுவே நடக்கிறது. இயக்குநர் வரைந்த சட்டகத்துக்குப் பயிற்சியாளர் ஒருவர் என்ன குறை சொல்லிவிடுவார்? கேரி க்ளைன் 2007-ல் எழுதிய ‘முன்கூட்டிய பிரேதப் பரிசோதனை’ இந்த முடிச்சை நன்றாக அவிழ்க்கிறது. திட்டம் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்வது அந்த முறை. குறை சொல்வது அங்கே மரியாதைக்குறைவு ஆகாது, கொடுத்த வேலையாகிவிடுகிறது. கட்டுரையின் வரைவுக்கும் இதை அப்படியே செய்யலாம்.

மதிப்பாய்வாளரும் தவறுவார், அவருக்கும் மதிப்பாய்வு தேவை. சேலஞ்சர் இரவின் தாள்களைத் தரவுக் காட்சியியல் அறிஞர் எட்வர்ட் டஃப்டி 1997-ல் தன் நூலில் அலசினார். பொறியாளர்கள் சரியான படம் வரைந்திருந்தால் விண்கலம் கிளம்பியிருக்காது என்ற அவரது வாதம் பாடமாகவே ஆகிவிட்டது. 2002-ல் வேறு மூவரோடு சேர்ந்து அதற்கு மறுப்பு எழுதியவர் ரோஜர் போய்ஸ்ஜாலி. அந்த இரவில் கிளம்ப வேண்டாம் என்று மன்றாடிய தயோகால் பொறியாளர் அவர். டஃப்டி வரையச் சொன்ன படத்துக்குத் தேவையான தரவு அன்று தங்கள் கையில் இல்லை என்றும், காற்றின் வெப்பநிலையையும் வளையத்தின் வெப்பநிலையையும் அவர் ஒன்றாகக் கலந்துவிட்டார் என்றும் அந்தக் கட்டுரை சொன்னது. இல்லாததைக் கேட்பவர், அது எழுதியவர் கைக்கு எட்டக்கூடியதாக இருந்ததா என்பதையும் கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் கருத்து குற்றப்பத்திரிகையாகிவிடும்.

இத்துறையில் நடந்த மிக நல்ல கருத்துப் பரிமாற்றம் எது என்று கேட்டால் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் நடத்தியதைச் சொல்லலாம். தீயணைப்பு அதிகாரிகளின் உள்ளுணர்வைப் போற்றியவர் க்ளைன், உள்ளுணர்வின் பிழைகளை வாழ்நாளெல்லாம் பட்டியலிட்டவர் கானமன். ஒருவரை ஒருவர் மறுத்து எழுதிக்கொண்டிருக்கலாம். இருவரும் ஆண்டுக்கணக்கில் பேசி, 2009-ல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சூழல் ஒழுங்குடையதாகவும், அதைக் கற்கப் போதிய வாய்ப்பும் இருந்தால் உள்ளுணர்வை நம்பலாம், இல்லாவிட்டால் கூடாது. யார் சரி என்ற கேள்வியை விட்டுவிட்டு, எங்கே யார் சரி என்று எல்லை கீறினார்கள். சட்டகக் கட்டுரைக்கு மதிப்பாய்வாளர் தரக்கூடிய மிகப் பெரிய உதவி அந்த எல்லைக்கோடுதான்.

கானமனின் 2011 நூலில், நம்மை அறியாமலே சிறு தூண்டல்கள் நம் நடத்தையை மாற்றுகின்றன என்று சொல்லும் ஒரு அத்தியாயம் உண்டு. அதில் காட்டிய ஆய்வுகள் பல, போதிய ஆட்களை வைத்துச் செய்யப்படாதவை என்று பிறர் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2017-ல் அவர் பொதுவெளியில் பதில் எழுதினார். அந்தச் சிறிய ஆய்வுகளைத் தாம் அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக ஒப்புக்கொண்டார். சிறிய மாதிரிகளை ஆய்வாளர்கள் அளவுக்கு மீறி நம்புவதைப் பற்றித்தான் 1971-ல் ஏமஸ் ட்வர்ஸ்கியோடு சேர்ந்து எழுதிய முதல் கட்டுரையை அவர் வெளியிட்டிருந்தார்.